அரைப்படி உப்பு

நாலு மணிக்கு அலாரம் அடித்தது. நாலு பத்துக்கு அடுப்பு பிடித்துக்கொண்டது. வேலமுள் ஈரமாக இருந்தது. சூசைநாதன் ஊதாங்குழலைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

மதலேனாள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். கைகள் மடியில் கிடந்தன. விரல்கள் உள்ளங்கைக்குள் மடங்கி, அவற்றின் மேல் கட்டைவிரல் குறுக்கே படிந்திருந்தது.

"ஆச்சாங்க?"

"கொதிக்கணும்ல. வெறகு ஈரம்."

"நேத்தே சொன்னன். பனி எறங்குது, உள்ள எடுத்துப் போடுங்கன்னு."

"சொன்ன. மறந்துட்டன்."

"மில்லுல கரி ஈரமா இருந்தா மட்டும் மேஸ்திரிகிட்ட சண்டைக்குப் போறீங்க."

அவன் சிரித்தான். தண்ணீரை அலுமினியத் தட்டத்தில் ஊற்றி, முழங்கையால் சூடு பார்த்து, அவள் முன்னால் வைத்தான். அவள் இரண்டு கைகளையும் உள்ளே இறக்கினாள். முதலில் கட்டைவிரல் எழுந்தது. பிறகு ஆள்காட்டி விரல். சுண்டுவிரல் கடைசி. கால் மணி நேரம் பிடித்தது. அதுவரை இருவரும் தட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவளுக்கு நாற்பத்தொரு வயது. மூன்று வருஷமாக இப்படி. வாதம் என்றார்கள் பெரிய ஆஸ்பத்திரியில். மாத்திரை கொடுத்தார்கள். வெந்நீரில் வைத்து விரலை நீட்டு, விடாமல் வேலை செய், விட்டால் அப்படியே நின்றுவிடும் என்றார் டாக்டர். வேலை இருந்தது. பாண்டியில் கன்னியர் மடத்துப் பூவேலைக் கூடத்திலிருந்து துணி வாங்கி வந்து வெள்ளைத் துணியில் வெள்ளை நூலால் பூப்போடுவாள். மேசை விரிப்பு, கைத்துண்டு, பூசைக்கான துகில். பதினாலு வயதில் தொடங்கியது. அவள் போட்ட இலையின் நரம்பை இன்னொருத்தி போட முடியாது என்று கூடத்தை நடத்தும் கன்னியர், பெரிய மாசேர், சொல்லியிருக்கிறார்.

விரிந்த விரல் ஒரு மணி நேரம் நிற்கும். ஏழு மணிக்குத்தான் ஊசி கோக்கிற வெளிச்சம் வரும். அதற்குள் மறுபடி மடங்கிவிடும். முதல் ஷிப்டு வாரத்தில் சூசைநாதன் ஐந்தே காலுக்குச் சைக்கிளை எடுத்தாக வேண்டும். அவன் போன பிறகு அடுப்பு மூட்ட அவளுக்குக் கை இல்லை. தண்ணீர்ப் பானையைத் தூக்கக் கை இல்லை. தாழ்ப்பாள் தள்ளக்கூட முழங்கைதான். ஒரே மகள் காரைக்காலில் வாழ்க்கைப்பட்டுவிட்டாள். எதிர்வீட்டுக் காசம்மாள் ஆறு மணிக்கே கரும்பு வெட்டப் போய்விடுவாள். அவன் மூன்று மணிக்குத் திரும்பும்வரை துணி மூட்டை அவிழ்க்காமலே கிடக்கும். போன தடவை கெடு தவறிப் பதினெட்டு நாள் ஆயிற்று. மாசேர் திட்டவில்லை. அடுத்த துணியைப் பாதியாகக் குறைத்துக் கொடுத்தார்.

கீசர் வந்தது அதனால்தான்.

மில்லின் விருந்தினர் விடுதியில் குளியலறைகளை மாற்றிக் கட்டினார்கள். அங்கிருந்த பழைய கீசர் ஸ்டோர் வாசலில் கிடந்தது. வெள்ளை எனாமல், ஓரிடத்தில் மட்டும் சில்லு பெயர்ந்திருந்தது. ஆசைப்பட்டவர்கள் பேரை எழுதிப் போட்டுச் சீட்டு எடுத்தார்கள். சூசைநாதன் பேர் வந்தது. சைக்கிள் கேரியரில் வைத்துக் கட்டி, வில்லியனூர் வீடு வரை தள்ளிக்கொண்டே வந்தான்.

"இன்னாங்க இது, கொழந்தய கொண்டாற மாதிரி கொண்டாறீங்க?" என்றாள் மதலேனாள்.

"வெந்நிப் பொட்டி. குழாயத் தொறந்தா வெந்நி."

"குழாய யாரு தொறக்கறது?"

அவன் அதை யோசித்திருக்கவில்லை.

மாட்டிக் கொடுக்க வந்தவன் மாரிமுத்து. கரண்டு வேலையும் குழாய் வேலையும் இரண்டும் தெரிந்தவன். முதல் நாள் வந்து சுவரைத் தட்டிப் பார்த்தான், மீட்டரைப் பார்த்தான், அவள் கையைப் பார்த்தான். மறுநாள் வரும்போது ஒரு முழ நீளத்துக்கு இரும்புப் பட்டை கொண்டுவந்தான். குழாயின் திருகைக் கழற்றிவிட்டு அதில் பட்டையைப் பற்றவைத்தான்.

"அக்கா, இத வெரல்ல பிடிக்க வேணாம். மணிக்கட்டால தள்ளு. இந்தப் பக்கம் தொறக்கும், அந்தப் பக்கம் மூடும். தள்ளிப் பாரு."

அவள் தள்ளினாள். குழாய் காற்றாக உறுமியது.

"சுவிட்சு?"

"அதயும் முழங்கையால தட்டறாப்பல கீழ எறக்கி வச்சிருக்கன். ரெட் லைட்டு எரியும். அணைஞ்சா தண்ணி ரெடி."

குளியலறை மேல் தளம் போட்டிருந்தது. அதன்மேல் ஒரு கிணற்று உறையைத் தூக்கி வைத்து, அடியில் சிமெண்டு பூசித் தொட்டியாக்கினார்கள். தெருவிலிருந்த அடிபம்பில் தண்ணீர் அடித்து, ஏணி வழியாகத் தூக்கி ஊற்ற வேண்டும். தினம் எட்டுக் குடம். அது சூசைநாதன் பொறுப்பு.

எல்லாம் முடிந்து டீ குடிக்கும்போது மாரிமுத்து சமையல் கட்டிலிருந்த தண்ணீர் காய்ச்சும் பானையை எடுத்தான். உள்ளே நகத்தால் சுரண்டினான். வெள்ளைச் செதில் கையோடு வந்தது.

"அண்ணே, இந்தத் தண்ணியவா வுடப் போறீங்க?"

"வேற தண்ணிக்கு எங்க போறது?"

"பொட்டி நல்ல பொட்டி. தண்ணிதான் மோசம். உள்ள சூடு ஏத்தற காயில் மேல இப்டி பாற பிடிச்சா சூடு தண்ணிக்கு வராது. காயிலு தானே வெந்து செத்துப் பூடும். எட்டு மாசம். மிஞ்சினா பத்து."

"அப்ப இன்னா பண்றது?"

"கோயில் கெணத்துத் தண்ணி வுடுங்க. மாசத்துக்கு ஒருவாட்டி பொட்டி அடியில இருக்கற குழாயத் தொறந்து கழுவி வுடுங்க. மூணு மாசத்துக்கு ஒருவாட்டி நான் வந்து காயில கழட்டிச் சுரண்டித் தரன்."

"நானே கழட்டுவன். பாய்லர்ல வேல செய்யறவன் நான்."

"அதான் தெரியுமே" என்றான் மாரிமுத்து. "ஆனா அது யான, இது பூன. கழட்டாதீங்க. என்ன கூப்புடுங்க."

கோயில் கிணறு மாதா கோயில் காம்பவுண்டுக்குள் இருந்தது. ஊரில் அந்தக் கிணறு ஒன்றுதான் பருப்பு வேகும் தண்ணீர். வீட்டுக்கு இரண்டு குடம் என்று கணக்கு. சூசைநாதன் ஷிப்டு முடிந்து வந்து குடங்களைச் சைக்கிளில் கட்டினான். முதல் நாள் எட்டுக் குடம். இரண்டாம் நாளும் எட்டு. மூன்றாம் நாள் காசம்மாள் கயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னா சூச, வூட்ல கல்யாணமா?"

"இல்ல காசம்மா. கீசருக்கு."

"எதுக்கு?"

"கீசருக்கு. உப்புத் தண்ணி வுட்டா கெட்டுப் பூடுமாம்."

காசம்மாள் வரிசையில் நின்ற பெண்களைத் திரும்பிப் பார்த்தாள். "கேட்டீங்களாடி? நம்ப வூட்டுப் புள்ளைங்க உப்புத் தண்ணி குடிச்சா ஒண்ணியும் ஆவாது. இவுரு வூட்டுப் பொட்டி நல்ல தண்ணிதான் குடிக்குமாம்."

எல்லோரும் சிரித்தார்கள்.

"மதலேனு கைக்குத்தான காசம்மா."

"தெரியும்பா. அவ கைக்குன்னா நான் எம் பங்குல ஒரு கொடம் தரன். பொட்டிக்குன்னு கேக்காத. கேக்கறவ சிரிப்பா."

அவன் மூன்று குடத்தோடு திரும்பினான். காசம்மாள் சொன்னபடி ஒரு குடத்தைச் சேர்த்துக் கொடுத்திருந்தாள். மறுநாள் முதல் தொட்டிக்கு அடிபம்புத் தண்ணீரே போயிற்று.

சாயப் பிரிவுக்கு ஆவி கொடுக்கும் பாய்லரில் சூசைநாதன் பன்னிரண்டு வருஷமாகக் கரி தள்ளுகிறான். பாய்லர் அறைக்கு வெளியே ஆள் உயரத்துக்கு மேல் இரண்டு இரும்பு உருளைகள் நின்றன. அவற்றைச் சாப்ட்னர் என்பார்கள். பாய்லருக்குப் போகிற தண்ணீர் எல்லாம் அதன் வழியாகத்தான் போகும். பக்கத்தில் ஒரு சிமெண்டுத் தொட்டி. மூன்று நாளைக்கு ஒருமுறை அதில் நாலு மூட்டை உப்பைக் கொட்ட வேண்டும். மரக்காணத்திலிருந்து லாரியில் வரும் கல்லுப்பு. சூசைநாதன்தான் முதுகில் தூக்கி வருவான், கொட்டுவான், துடுப்பால் கலக்குவான். அதற்குப் பிறகு வால்வுகளைத் திறப்பதும் மூடுவதும் சாமிநாதன். அது மேஸ்திரி வேலை. அப்போது சூசைநாதன் கரிக்குத் திரும்பியிருப்பான்.

மூன்று வருஷம் முன்பு ஸ்டிரைக் நடந்தது. உப்பு லாரி வரவில்லை. ஆபீசர்கள் இரண்டு மாதம் பாய்லரை அரைகுறையாக ஓட்டினார்கள். திறந்து பார்த்தபோது குழாய் முழுக்கக் கட்டைவிரல் தடிமனுக்குச் சுண்ணாம்புப் பாறை. சூசைநாதன் உள்ளே படுத்துக்கொண்டு ஒன்பது நாள் உளியால் வெட்டினான். உப்பு போட்ட வருஷங்களில் குழாய் சுத்தமாக இருந்ததை அவன் கண்ணால் பார்த்திருக்கிறான்.

ஒருநாள் கரி தள்ளிவிட்டு வியர்வை துடைத்தபடி கேட்டான்.

"அண்ணே, உப்பு போடலன்னா பாற பிடிச்சிக்கும் இல்ல?"

"பிடிச்சிக்குமாவா? ஸ்டிரைக்குல பாத்தியே." சாமிநாதன் பிரஷர் மீட்டரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"போட்டா பிடிக்காது."

"போட்டாத்தான் நம்ப பொழப்பு. இன்னாடா திடீர்னு? பரிச்ச எழுதப் போறியா?"

"சும்மா கேட்டன்."

"எழுதுடா. செகண்ட் கிளாஸ் சர்டிபிகேட் வாங்கு. நான் போன பெறவு இந்த நாற்காலில எவனோ ஒக்காரதுக்கு நீ ஒக்காரு."

சூசைநாதன் மனக்கணக்குப் போட்டான். பாய்லருக்கு இவ்வளவு தண்ணீர், நாலு மூட்டை. வீட்டுத் தொட்டிக்கு அரைப்படி என்று வந்தது.

தவக்காலத்து முதல் ஞாயிறு. பூசை முடிந்ததும் மதலேனாள் மரியாயின் சேனைக் கூட்டத்துக்கு இருந்துவிடுவாள். ஒரு மணி நேரம். அவன் வீட்டுக்கு வந்து, அரைப்படிக் கல்லுப்பை வாளியில் கரைத்து, ஏணியேறித் தொட்டியில் ஊற்றினான். கம்பால் கலக்கினான். அடுத்தடுத்த ஞாயிறுகளிலும் அப்படியே செய்தான். அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பாள். உப்புத் தண்ணிக்கு உப்பா என்பாள். சாப்ட்னரை விளக்க அவனுக்கு வாய் வராது. பத்து மாதம் கழித்து மாரிமுத்து காயிலைக் கழற்றி, பளபளவென்று இருப்பதைப் பார்த்து வாயைப் பிளக்கும்போது சொல்லலாம் என்று இருந்தான்.

நல்ல நாட்கள் அவைதான். அவன் போன பிறகு அவள் ஆறரைக்கு எழுந்து, முழங்கையால் சுவிட்சைத் தட்டி, சிவப்பு விளக்கு அணைவதற்குள் ஒரு ஜெபமாலை சொல்லி முடிப்பாள். மணிக்கட்டால் பட்டையைத் தள்ளுவாள். ஏழு மணிக்கு ஊசி கையில் இருக்கும். மதியம் ஒருமுறை, நாலு மணிக்கு ஒருமுறை. அவளே அடுப்பு மூட்டினாள். அவன் மூன்று மணிக்கு வரும்போது சுடுசோறும் நெத்திலிக் குழம்பும் இருந்தன. ஒருநாள் அவன் சட்டைக்குப் பொத்தான் தைத்து வைத்திருந்தாள்.

"இன்னா இது?"

"இன்னா தெரியல? பொத்தான். மூணு மாசமா ஊக்கு குத்தினு மில்லுக்குப் போறீங்க."

மாசேர் மறுபடி பெரிய துணி கொடுத்தார். பன்னிரண்டு பேர் உட்காரும் மேசைக்கான விரிப்பு. ஓரம் முழுக்கத் திராட்சைக் கொடி, நாலு மூலையிலும் குலை. பிரான்சில் ஒரு கல்யாணத்துக்குப் போகிறது, ஜூலை பத்துக்குள் வேண்டும் என்றார். மதலேனாள் யோசிக்காமல் வாங்கிக்கொண்டாள்.

பஸ்ஸில் வரும்போது கேட்டான். "முடியுமா?"

"பொட்டி இருக்குதே."

ஏப்ரலில் அவள் ஒன்று சொன்னாள். திங்கட்கிழமை காலை. அவனுக்கு அது இரண்டாம் ஷிப்டு வாரம், வீட்டில் இருந்தான்.

"தண்ணி எரியுதுங்க."

"சூடு அதிகமா வுட்டுட்டியா?"

"சூடு இல்ல. ஊசி குத்தின எடமெல்லாம் எரியுது."

"ஊசி குத்தின எடம் எரியாம இன்னா செய்யும்?"

அவள் கையை வெளியே எடுத்துப் பார்த்தாள். விரல் நுனிகளில் சிவப்புப் புள்ளிகள். "சரிதான்" என்று மறுபடி உள்ளே வைத்தாள்.

சித்திரை போய் வைகாசி வந்தது. அடிபம்பில் அடி தண்ணீர் வந்தது. வாயில் வைத்தால் கரித்தது. மே கடைசியில் ஒரு காலை குழாயிலிருந்து விழுந்த முதல் தண்ணீர் டீ நிறத்தில் இருந்தது. அவள் கூப்பிட்டுக் காட்டினாள்.

சூசைநாதன் குனிந்து பார்த்தான். தட்டத்தின் அடியில் செம்மண் மாதிரி ஒரு படிவு. அவனுக்குள் ஒரு சந்தோஷம் வந்தது.

"ஒண்ணுமில்ல. பாற கரைஞ்சி வருது."

"பாறன்னா வெள்ளையா இல்ல இருக்கும்?"

"பழைய பாற. அந்த கெஸ்ட் அவுஸ் காலத்து பாற. நம்ப வூட்டுக்கு வந்த பெறவு பிடிச்சது இல்ல. கொஞ்ச நேரம் தொறந்து வுடு, தெளிஞ்சிடும்."

தெளிந்தது. அந்த ஞாயிறு அவன் முழுப் படி போட்டான்.

ஜூலை மூன்றாம் தேதி சாயங்காலம் கடைசி இலை முடிந்தது. மதலேனாள் நூலைப் பல்லால் கடித்தாள். விரிப்பைக் கட்டிலில் பரப்பி இருவரும் பார்த்தார்கள். துணியில் மாதிரி பதித்த நீலக் கோடுகள் கொடிக்கு அடியில் அங்கங்கே தெரிந்தன. இளம் வெந்நீரில் அலசினால் அது போய்விடும். பச்சைத் தண்ணீரில் போகாது. கொதிக்கிற தண்ணீரில் துணி சுருங்கும். அதனால் எப்போதும் வெதுவெதுப்பாக.

"பொட்டித் தண்ணியே சரியா இருக்கும்" என்றாள்.

பெரிய தட்டத்தில் தண்ணீர் பிடித்தான். குளியலறையில் இருபத்தைந்து வாட் பல்பு. அவள் துணியை அமுக்கி அமுக்கி எடுத்தாள். பிழிய அவள் மணிக்கட்டுக்கு வலு இல்லை. அவன் ஒரு முனையைப் பிடித்தான்.

"முறுக்காதீங்க. துண்டு பிழியற மாதிரி இல்ல. அழுத்தி வுடுங்க."

"இப்டியா?"

"அப்டித்தான். கை கரி இல்லியே?"

"மூணு தரம் சோப்பு போட்டன்."

"இன்னொருவாட்டி போட்டுட்டு வாங்க."

நாலு தண்ணீரில் அலசினார்கள். நீலம் போயிற்று. கூடத்தில் குறுக்கே கயிறு கட்டிக் காயப்போட்டார்கள். துணியில் படாமல் இருவரும் கூடத்து ஓரமாகப் படுத்துக்கொண்டார்கள்.

காலையில் அவள்தான் முதலில் பார்த்தாள். அவனை எழுப்பவில்லை. அவன் கண் விழித்தபோது கதவு திறந்திருந்தது. வெயில் துணியில் நேராக விழுந்துகொண்டிருந்தது. அவள் அதன் முன்னால் நின்றிருந்தாள். துணி வெள்ளையாக இல்லை. மங்கலான மஞ்சள். மடிப்பு விழுந்த இடங்களில் பழுப்புக் கோடு. இரண்டு குலைகளின் மேல், தண்ணீர் தேங்கிக் காய்ந்த இடத்தில், துரு நிறத்தில் கையகல வட்டம்.

"மதலேனு."

அவள் மணிக்கட்டால் ஒரு வட்டத்தைத் தொட்டாள்.

காசம்மாள் வந்து பார்த்தாள். அன்று வேலைக்குப் போகவில்லை. எலுமிச்சம்பழம் கொண்டுவந்தாள். சாறு பிழிந்து தேய்த்து வெயிலில் போட்டார்கள். மறுநாளும் போட்டார்கள். மஞ்சள் குறைந்தது. வட்டம் போகவில்லை. தேய்த்த இடத்தில் நூல் மயிர் விட்டது.

"இன்னும் தேய்க்காதடி" என்றாள் காசம்மாள். "பூவே போயிடப் போவுது."

பத்தாம் தேதி எடுத்துக்கொண்டு போனார்கள். பெரிய மாசேர் துணியை நீண்ட மேசையில் விரித்தார். அங்கே வேலை செய்துகொண்டிருந்த பெண்கள் ஊசியை நிறுத்தினார்கள். மாசேர் விரலால் திராட்சைக் கொடியைத் தொட்டபடி ஓரம் முழுதும் நடந்தார். வட்டத்துக்கு வந்ததும் நின்றார்.

"எப்படி ஆச்சு மதலேனாள்?"

"தண்ணி மாசேர்."

"வேலையில ஒரு குறையும் இல்ல. எத்தனை பேருக்குக் காட்டலாம்." கண்ணாடியைக் கழற்றினார். "நாம விக்கிறது வெள்ளைதானேம்மா."

"தெரியும் மாசேர்."

"வீட்டுக்கு இனிமே என்னால துணி கொடுத்தனுப்ப முடியாது. மேல கேப்பாங்க. நீ இங்க வந்து ஒக்காந்து செய்யி. காலையில ஒன்பது மணிக்கு வந்துடணும். இங்க வெந்நீர்கூட வச்சித் தரச் சொல்றேன்."

மதலேனாள் தலையாட்டினாள். சூசைநாதன் வாசல்படி அருகில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். ஒன்பதுக்கு வர ஏழரை பஸ். ஏழரை பஸ்ஸுக்குப் புடவை கட்ட வேண்டும். கம்பியைப் பிடிக்க வேண்டும். சில்லறை எண்ணிக் கொடுக்க வேண்டும். அத்தனைக்கும் விரல் விரிந்து நிற்காது.

"வரேன் மாசேர்" என்றாள் அவள். போய்வருகிறேன் என்பதற்கு அவள் சொல்வதும் அதுதான். மாசேர் எப்படி எடுத்துக்கொண்டார் என்று தெரியவில்லை.

அதற்கடுத்த ஞாயிறு மாரிமுத்து வந்தான். தண்ணீரைத் தொட்டால் சுருக்கென்கிறது என்று அவள் சொல்லி, இரண்டு நாளாகச் சுவிட்சு போடவில்லை. அவன் டெஸ்டரை வைத்துப் பார்த்தான், பியூசைப் பிடுங்கினான், அடித்தட்டைக் கழற்றினான். செங்காவி நிறத்தில் சேறு கொட்டியது. காயிலை வெளியே இழுத்தான். பாதி வந்தது. மீதி உள்ளேயே உடைந்து நின்றது.

"அண்ணே, இது பாற இல்ல."

"இல்லியா?"

"பாற பிடிச்சி செத்த காயில் நான் நூறு பாத்திருக்கன். வெள்ளையா, தடியா இருக்கும். இது அரிச்சிருக்குது. பாருங்க, பூச்சி தின்ன மாதிரி." டார்ச்சைக் கீசருக்குள் அடித்தான். "உள்ள துத்தநாகப் பூச்சே இல்ல. எல்லாம் பொத்தல். ஆறு மாசத்துல இப்டி நான் பாத்ததில்ல." விரலைச் சேற்றில் தொட்டு நாக்கில் வைத்தான். உடனே துப்பினான். "இன்னாண்ணே, நல்லவாட்டுக் கரையிலேருந்து கடல் தண்ணியா கொண்டாந்து ஏத்தினீங்க?"

மதலேனாள் கதவில் சாய்ந்து நின்றிருந்தாள்.

"அடிபம்புத் தண்ணிதான்" என்றான் சூசைநாதன்.

"அந்தத் தண்ணிய நானும் குடிச்சிருக்கன். அது இது இல்ல."

"பத்தவைக்க முடியாதா?"

"எங்க பத்தவைக்கறது? இரும்பு வேணும்ல." மாரிமுத்து சாமான்களைப் பையில் போட்டான். "புதுசுதான். அதுவும் இந்தத் தண்ணிக்கு வருஷம் ஒண்ணு தாங்கும். நான் பொய் சொல்ல மாட்டன் அக்கா."

"பட்டைய கழட்டினு போ மாரிமுத்து" என்றாள் மதலேனாள். "வேற யாருக்காவது ஆவும்."

"இருக்கட்டும்க்கா."

திங்கட்கிழமை முதல் ஷிப்டு. உப்பு போடும் நாள். சூசைநாதன் நாலு மூட்டையையும் கொட்டிக் கலக்கினான். கரிக்குத் திரும்பவில்லை. அங்கேயே நின்றான்.

"இன்னாடா?" என்றார் சாமிநாதன்.

"இந்த உப்பு எங்க போவுதுண்ணே?"

"சாப்ட்னருக்கு."

"சாப்ட்னருலேருந்து?"

சாமிநாதன் அவனை ஒரு தரம் பார்த்தார். பிறகு சுவருக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனார். அங்கே தரையோடு ஒரு குழாய் வாய் இருந்தது. வால்வைத் திறந்ததும் அதிலிருந்து உப்புத் தண்ணீர் சாக்கடைக்குக் கொட்டியது. வெகு நேரம் கொட்டியது. அதைச் சுற்றிப் புல் எதுவும் இல்லை.

"உள்ள ஒரு மணல் இருக்குதுடா. மஞ்சளா, கடுகு மாதிரி. அதுதான் தண்ணில இருக்கற சுண்ணாம்ப பிடிச்சி வச்சிக்கும். பிடிச்சிப் பிடிச்சி அது அழுக்காயிடும். அந்த மணலக் கழுவறதுக்குத்தான் உப்பு. கழுவின தண்ணி மொத்தமும் வெளியில. பெறவு நல்ல தண்ணி வுட்டு அலசிட்டுத்தான் பாய்லருக்குத் தொறப்பன்."

"பாய்லருக்கு உப்பு போவாது."

"போனா பாய்லர் இருக்குமா? தின்னுடும்டா. பன்னண்டு வருஷமா கொட்டினு இருக்கற, இது தெரியாதா?"

"நீங்கதான வால்வு தொறப்பீங்க."

"ஆமா." சாமிநாதன் வால்வை மூடினார். "நீ கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டன்."

"எப்ப?"

சூசைநாதன் கரி அள்ளப் போனான்.

மூன்று மணிக்கு வீட்டுக்கு வந்தான். தெருவில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. மதலேனாள் பின்பக்கத்து நிழலில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். காலையில் அவன் வடித்து வைத்த சோறு மூடியபடி இருந்தது. அவள் கைகள் மடியில் மூடிக் கிடந்தன. அவன் சட்டையைக் கழற்றவில்லை. அடுப்பை மூட்டித் தண்ணீர் வைத்தான். சுடும்வரை அடுப்பின் முன்னாலேயே இருந்தான். தட்டத்தில் ஊற்றிக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்துத் தானும் தரையில் உட்கார்ந்தான்.

"நான்தான் உப்பு போட்டன்" என்றான். "பொட்டிக்கு. ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம. பாற பிடிக்கக் கூடாதுன்னு."

"தெரியும்."

"மாரிமுத்து சொன்னானா?"

"அவன் எதுக்குச் சொல்லணும்? திங்கக்கெழம திங்கக்கெழம எரிஞ்சிது. வெள்ளிக்கெழம கொறையும். மறுபடி திங்கக்கெழம எரியும். பானையில உப்பும் கொறைஞ்சினு வந்திச்சி."

"ஏன் என்ன ஒரு வார்த்த கேக்கல?"

"பாய்லர்ல வேல செய்யறவங்க. தெரியாமயா போடுவீங்கன்னு இருந்துட்டன்."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். எதிர்வீட்டில் காசம்மாள் ஆட்டை விரட்டிக்கொண்டிருந்தாள். தட்டத்திலிருந்து ஆவி எழுந்தது. முழங்கையால் சூடு பார்த்தான். சரியாக இருந்தது. அவள் இடதுகையை மெல்லத் தூக்கித் தண்ணீருக்கு மேலே கொண்டுவந்தான்.

"வை மதலேனு. ஆறிடும்."

அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை. உள்ளே இறக்கவும் இல்லை. மடங்கிய விரல்களை யாருடையதையோ பார்ப்பதுபோல் பார்த்தாள்.

"இனிமே இதுங்கள எதுக்குங்க தொறக்கணும்?"